முறை வரும்வரை

ஹமசாவா, அகிதா
ஏப்ரல் 14

அன்புத் தங்கை அசூசாவுக்கு,

சாலையோரப் பனி கறுத்துப்போய் இன்னும் கரையாமல் கிடக்கிறது. நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம். உனக்கும் ரியோஹெய்க்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போனில் கேட்கலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால்தான் உனக்கு அனுப்பும் அரிசிப் பெட்டிக்குள் இந்தக் கடிதம்.

அம்மாவின் நினைவு நாள் நல்லபடியாக முடிந்தது. நீ வராததற்கு வேலை என்று சொல்லிச் சமாளித்தேன். சித்தி விடவில்லை. "கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு. அசூசா இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டிருக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அப்பாதான் அவள் வாயை அடைத்தார். "வர்றப்ப வரும். நீ ஊறுகாயைத் தின்னு."

அப்படிச் சொன்னாரே தவிர, நம் தெரு ஆரம்பப் பள்ளியை மார்ச்சோடு மூடியதிலிருந்து அவருக்கு மனசு சரியில்லை. டயாலிசிஸுக்குப் போகும் நாட்களில் டாக்ஸி அந்த வழியாகத்தான் போகிறது. "பாரு, விளையாட்டுத் திடல்ல காரை நிறுத்தியிருக்கானுங்க" என்று ஒவ்வொரு தடவையும் டிரைவர் கோடாமாவிடம் சொல்கிறாராம். கோடாமாவும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல "அப்படியா" என்கிறாராம். நல்ல மனிதர்.

நான் அதே மருந்துக்கடையில் அதே கல்லாவில் நிற்கிறேன். சித்திக்காக இல்லை, எனக்காகக் கேட்கிறேன். ஏதாவது பிரச்சினையா? டாக்டரிடம் போனீர்களா? முப்பத்து நாலு சின்ன வயதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
கசுமி

*

கவாசாகி
மே 6

அன்புள்ள அக்கா,

அரிசி கிடைத்தது. புகை போட்ட முள்ளங்கி ஊறுகாயை ரியோஹெய் ஒரே நாளில் காலி செய்துவிட்டார். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். தொடர் விடுமுறை முழுவதும் தூங்கினேன், அதனால்தான் பதில் தாமதம்.

டாக்டரிடம் போக ஒன்றுமில்லை. எனக்கு இன்னும் முறை வரவில்லை, அவ்வளவுதான்.

புரியும்படி சொல்கிறேன். போன வருஷம் எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு ஆசிரியைகள் ஒரே சமயத்தில் பிரசவ விடுப்பில் போனார்கள். இந்த வேலைக்கு இப்போது ஆளே கிடைப்பதில்லை. ஒரு வயதுக் குழந்தைகளுக்கு இத்தனை பேருக்கு ஒருவர் என்று விதி இருக்கிறது. அதனால் புதிதாகச் சேர வேண்டிய குழந்தைகளைத் திருப்பி அனுப்பினோம். ஒரு தாய் வாசலிலேயே நின்று கேட்டாள். "வெச்சுப் பாத்துக்க இடம் இல்லேன்னா, எங்களை எதுக்குப் பெத்துக்கோ பெத்துக்கோன்னு சொல்றாங்க?" எங்கள் தலைமை ஆசிரியை ஓனுகி மேடம் அந்தப் பெண்ணிடம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் மேடம் போர்டில் ஒரு முறை எழுதினார். வருஷத்துக்கு ஒருவர். வயதில் மூத்தவளான நெமோட்டோவுக்கு இந்த வருஷம். அடுத்த வருஷம் இன்னொருத்தி. அதற்கும் அடுத்தது நான். சிரித்துக்கொண்டேதான் எல்லோரும் சரி என்றோம். மேடம் கெட்டவர் இல்லை. "ரெண்டு பேர் ஒண்ணாப் போனா மிச்சமிருக்கறவங்க செத்துருவாங்கம்மா" என்றார். அதுவும் உண்மைதான்.

சித்தியிடம் ஏதாவது சொல்லிவை. அப்பாவை மருந்து சாப்பிடச் சொல்.

அசூசா

*

ஹமசாவா
மே 20

அசூசா,

எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கால் மட்டும் வீங்கியிருக்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் வாயில் வருவதைக் கொட்டிவிடுகிறேன்.

அந்தம்மா யார், உன் வயிற்றுக்கு நேர அட்டவணை போட? நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்களா? உன் முறை வருவதற்குள் உனக்கு முப்பத்தாறு ஆகிவிடும். அந்த வருஷமே உண்டாகவில்லை என்றால்? மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவாயா? ரியோஹெய் என்ன சொல்கிறார்? அவருக்கு வாய் இல்லையா?

அப்பாவிடம் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்ததால் கோடாமாவிடம் சொன்னேன். அடுக்களையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நிதானமாக யோசித்து, "எங்க கம்பெனியில லீவுக்குத்தான் முறை போடுவாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பார். அவருடைய அம்மா எண்பத்தெட்டு வயதில் வீட்டில் தனியாக இருக்கிறாள், அதனால் கிளம்பிவிட்டார்.

பதில் எழுது. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

கசுமி

*

கவாசாகி
ஜூலை 2

அன்புள்ள அக்கா,

மழை விடவில்லை, துவைத்த துணி காயவில்லை. அப்பாவின் கால் வீக்கம் வடிந்ததா? இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

நான் கர்ப்பமாக இருக்கிறேன்.

திட்டம் போட்டு நடந்ததில்லை. டாக்டர் "வாழ்த்துகள்" என்றபோது என் கண்முன் வந்தது நெமோட்டோவின் முகம். வீட்டில் ரியோஹெய்யிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் "போய்ச் சொல்லிடலாம். நானும் வரேன்" என்றார்.

சனிக்கிழமை அவர் கோட்டு போட்டுக்கொண்டார். வழியில் நல்ல கடையில் இனிப்புப் பெட்டி வாங்கினோம். மேடத்தின் அறையில் ரியோஹெய் தலையைத் தாழ்த்தி, "முறை தவறி இப்படி ஆயிடுச்சு. மன்னிக்கணும்" என்றார். நானும் குனிந்தேன். மேடம் டீ ஊற்றினார்.

"எப்போ?"

"பிப்ரவரியில, மேடம்."

"பிப்ரவரி." காலண்டரைப் பார்த்தார். "கல்வி வருஷக் கடைசி. பெரிய வகுப்புக்குப் பிரிவு விழா வேற. சரி, ஆனது ஆச்சு. நெமோட்டோகிட்ட நீயே சொல்லிடறியா? நான் சொன்னா நல்லாயிருக்காது."

"சொல்றேன்."

நாங்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது, மறந்துபோனது நினைவுக்கு வந்ததுபோல, "வாழ்த்துகள்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ரியோஹெய் கேட்டார். "நாம என்ன திருடிட்டா வந்தோம்?"

நெமோட்டோ குழந்தை உண்டாக இரண்டு வருஷமாக ஊசி போட்டுக்கொள்கிறாள். ஒவ்வொரு ஊசிக்கும் யாரிடமாவது கெஞ்சி வேலை நேரத்தை மாற்றிக்கொள்கிறாள். குழந்தைகளின் கழுத்துத் துணியை அலசிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று திரும்பாமலே பிழிந்தாள். மறுநாளிலிருந்து வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை கிடையாது.

சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்காதே. இருக்கிறேன். சத்தமில்லாமல் இருக்கிறேன்.

உன் அசூசா

*

ஹமசாவா
ஜூலை 9

என் கண்ணு அசூசா,

நீ நலமா, சாப்பாடு இறங்குகிறதா, நன்றாகத் தூங்குகிறாயா? இங்கே எல்லோரும் மூன்று நாளாகத் தரையில் கால் படாமல் நடக்கிறோம்.

அப்பாவிடம் முழுக்கச் சொன்னேன். "மன்னிப்பா? எதுக்கு? மாப்பிள்ளை கோட்டு வேற போட்டுக்கிட்டா போனான்?" என்று கத்தினார். பிறகு அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மணியைத் தட்டி, "கேட்டியா, உன் சின்னவ..." என்று ஆரம்பித்தார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பிரசவத்துக்கு இங்கே வா. நம் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும். "பிப்ரவரியா? சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி மாட்டி நானே கூட்டிட்டுப் போறேன்" என்கிறார் கோடாமா. இப்போதே வழியைப் பார்த்துவைத்துவிட்டாராம்.

குழந்தைச் சட்டைக்கு மெல்லிய பருத்தித் துணி வாங்கினேன். கடைக்காரப் பெண் "உங்களுக்கா?" என்று கேட்டாள். தங்கைக்கு என்றேன்.

கனமாக எதையும் தூக்காதே. இனிமேல் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே.

அக்கா

*

ஹமசாவா
ஆகஸ்ட் 18

அன்பு அசூசா,

உடம்பு எப்படி இருக்கிறது? முன்னோரை வணங்கும் ஒபோனுக்கு நீ வருவாய் என்று அப்பா அம்மாவின் கல்லறையைத் தானே கழுவினார். வெயிலில் வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நீ வரவில்லை. போன் அடித்தால் ரியோஹெய் எடுத்து, "தூங்கறா அக்கா, நல்லா இருக்கா" என்கிறார். மூன்று தடவையும் தூங்குகிறாய்.

இந்த மாதத்தில் தூக்கம் அதிகம்தான் என்று கடையில் சொல்கிறார்கள். அப்படித்தான் என்று நானும் நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நேற்று கடையில் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வரி போதும். எழுது.

கசுமி

*

கவாசாகி
செப்டம்பர் 9

அன்புள்ள அக்கா,

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. அப்பாவும் நீயும் நலம் என்று நம்புகிறேன்.

ரியோஹெய்க்கு ஃபுகுஓகாவுக்கு மாற்றல். அக்டோபரில் போகிறார். மூன்று வருஷம் என்கிறார்கள். எனக்கு இங்கே வேலை இருப்பதால் அவர் மட்டும்தான் போகிறார். காப்பகத்தில் விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை நடக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் ஓடச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பருத்தித் துணியைத் தைக்க வேண்டாம். யாருக்காவது கொடுத்துவிடு. அப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

குளிர் வருவதற்குள் உன் முதுகை டாக்டரிடம் காட்டு.

அசூசா

*

ஹமசாவா
செப்டம்பர் 13

அசூசா,

எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, வழி எனக்குத் தெரியும்.

அப்பாவோடு கோடாமா வந்து தங்குகிறார். தன் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். "போயிட்டு வா, நான் என்ன கைக்குழந்தையா" என்று அப்பா சொல்லிவிட்டு, அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சென்டாய் நகரத்து வேலையை விட்டுவிட்டு இங்கே வந்ததிலிருந்து நான் இந்த வீட்டைவிட்டு வெளியே தங்குவது இதுதான் முதல் தடவை.

சூடாகச் சாப்பிட்டுவிட்டு இரு.

அக்கா

*

கவாசாகி
அக்டோபர் 8

அன்புள்ள அக்கா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்து நிம்மதி. அப்பாவின் ரத்த அழுத்தம் இறங்கியதா? ரியோஹெய் போய்விட்டார். வீடு பெரிதாகிவிட்டது.

நீ வந்தாய், சமைத்தாய், குளியலறையைத் தேய்த்தாய், ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிப் போனாய். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கேட்காததால் இப்போது எழுதுகிறேன்.

ஜூலைக் கடைசியில் குழந்தை போய்விட்டது. காப்பகத்தில் தண்ணீர்த் தொட்டி விளையாட்டு வாரம். முறை தவறியவள் சலுகை கேட்கக் கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டு தண்ணீர் சுமந்தேன், பிள்ளைகளைத் தூக்கினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். "இல்லம்மா. இந்த வாரங்கள்ல இப்படி நடக்கறதுண்டு. உங்க தப்பு இல்ல" என்றார். பகலில் அதை நம்புகிறேன்.

சில நாளிலேயே வேலைக்குத் திரும்பினேன். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாதே. உன் முறை அப்படியே இருக்கு. யாருக்கும் குடுக்கல." அன்பாகத்தான் சொன்னார், அக்கா. அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

போன வாரம் நெமோட்டோ திராட்சையோடு வீட்டுக்கு வந்தாள்.

"நீ வந்து சொன்ன அன்னைக்கு, உனக்கு அது இல்லாமப் போனா நல்லாயிருக்கும்னு நினைச்சேன். ஒரே ஒரு நிமிஷம்" என்றாள்.

"நீ நினைச்சதாலயா போச்சு?"

"இல்லைன்னு தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது."

உட்கார்ந்து திராட்சை முழுவதையும் தின்றோம். வேறென்ன செய்வது?

இன்னொன்று. பிளாட்பாரத்தில் ரயில் வந்த பிறகு சொன்னாயே, "போன வருஷம் கோடாமா என்னைக் கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். அவங்க வீட்ல ஒரு கிழவி, நம்ம வீட்ல ஒரு கிழவர், நடுவுல நான் ஒருத்தி" என்று. சொல்லிவிட்டு ஏறிவிட்டாய், கதவு மூடிக்கொண்டது. அக்கா, எனக்கு முறை போட்டதற்கு அத்தனை கோபப்பட்டாய். நீயும் ஒரு முறைக்காகத்தானே நிற்கிறாய்? உன் முறை எப்போது வரும்?

அசூசா

*

ஹமசாவா
நவம்பர் 25

அசூசாவுக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அது எப்படி என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு ஒரு மாதம் பேனாவைத் தொடவில்லை. என் முறை, அப்பா போன பிறகு. அதுதான் பதில். என் கையால் எழுத வைத்துவிட்டாய்.

நீயாவது கடிதத்தில் கேட்டாய். அப்பா டாக்ஸியில் வைத்தே கேட்டிருக்கிறார். "ஏன்யா, எம் பொண்ணு உன்னை வேண்டாம்னு சொன்னாளா?" கோடாமாவுக்குப் பொய் வராது. "உங்களைப் பாத்துக்கணும்ல" என்றிருக்கிறார். அன்று அப்பா சாப்பிடவில்லை. அடுத்த டயாலிசிஸ் நாளில் டாக்ஸி வாசலில் நிற்கிறது, இவர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

"நான் வரல. போதும்."

"என்ன போதும்?"

"எத்தனை வருஷம்தான் குறுக்க நிக்கறது."

இரண்டு தடவை போகாவிட்டால் மூச்சு முட்டும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். "நீங்க செத்து எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்ப்பா. அப்படி ஒண்ணு நடந்தா நான் எப்படி அந்தாளு முகத்தைப் பாப்பேன்?" அந்தாள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

கோடாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தார். "அப்ப நான் இங்க வந்துடறேன். அம்மாவையும் கூட்டிட்டு."

அப்பா அவரையே பார்த்தார். "உங்கம்மா வாய் ஊருக்கே தெரியும்."

"ஆமா."

"டி.வி. என் இஷ்டம்தான்."

"அதை அவங்ககிட்ட நீங்களே சொல்லிக்கோங்க."

அப்பா கோட்டைக் கேட்டார். நான் போட்டுவிட்டேன். பொத்தான் மாறிப்போயிற்று. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது டாக்ஸி போன பிறகுதான் உறைத்தது. மாலையில் திரும்பி வந்ததும் கோடாமா கேட்டார். சரி என்றேன்.

டிசம்பரில் பதிவு. விருந்து கிடையாது. நீ வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் கோபமில்லை. மப்ளர் இல்லாமல் வெளியே போகாதே.

கசுமி

*

கவாசாகி
மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அப்பாவும் அத்தானுடைய அம்மாவும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருப்பதில் மகிழ்ச்சி. எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. வேலையையும் விட்டுவிட்டேன்.

வருஷ முடிவுக் கூட்டத்தில் மேடம் மறுபடி போர்டில் எழுதினார். நெமோட்டோவின் வருஷம் வீணாகப் போயிருந்தது. என் கதையை மனதில் வைத்து என்னை முன்னுக்கு நகர்த்தியிருந்தார். நெமோட்டோ கடைசி. நான் எழுந்தேன்.

"என் பேரை எடுத்துடுங்க மேடம்."

"குழந்தை வேண்டாமா?"

"வேணும். கேட்டு வாங்கிக்க வேண்டாம்."

நெமோட்டோ, உட்கார்ந்தபடியே, "என் பேரையும்" என்றாள்.

மேடம் பேனாவை மூடிக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். "பெத்துக்க எனக்கு வழி விட்டப்போ நாப்பத்தி மூணு வயசு" என்றார். "அப்போ யாரும் போர்டுல எழுத மாட்டாங்க. பார்வையாலயே சொல்லுவாங்க, இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம்னு. எழுதி வெச்சா நியாயமா இருக்கும்னு நினைச்சேன்."

அவர்மேல் வைத்திருந்த கோபம் போக இடம் தெரியாமல் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஃபுகுஓகாவுக்குப் போகிறேன். என் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. சில குழந்தைகளை மறுபடி திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாய்மார்களில் ஒருத்திக்கு நான்தான் காரணம். இதையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன்.

அங்கே ஒரு காப்பகத்தில் நேர்காணல் முடிந்தது. "குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கு" என்றேன். "எப்போ?" "தெரியாது" என்றேன். அந்தப் பெண்மணி சிரித்தார். நல்ல சிரிப்பா, வேறு சிரிப்பா என்று தெரியவில்லை. இன்னும் பதில் வரவில்லை.

நெமோட்டோ அங்கேயேதான் இருக்கிறாள். ஊசியைத் தொடர்கிறாள்.

புது முகவரி பின்பக்கம். எல்லோருக்கும் என் வணக்கம்.

அசூசா

*

ஹமசாவா
ஏப்ரல் 28

அன்பு அசூசா,

புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? ரியோஹெய் இளைத்திருந்தால் கறி வாங்கிப் போடு. இங்கே செர்ரி இப்போதுதான் பூத்திருக்கிறது. அப்பாவும் மாமியாரும் காலையில் மல்யுத்தம் பார்ப்பதா நாடகம் பார்ப்பதா என்று அடித்துக்கொண்டு, மத்தியானம் கணப்பு மேசையின் ஒரே போர்வைக்குள் கால் நீட்டித் தூங்குகிறார்கள். நான் கோடாமாவை இன்னும் கோடாமா என்றே கூப்பிடுகிறேன். எனக்கும் இப்போது அதுதான் குடும்பப் பெயர் என்பது மறந்துவிடுகிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் அகிதா நகரத்துக்குப் போய் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். முதுகுக்கு இல்லை.

காத்திருக்கும் இடத்தில் எல்லோரும் உன் வயதுப் பெண்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, மகளோடு வந்தவள் என்று நினைத்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்துகொண்டேன். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "நாப்பத்திரெண்டு வயசுல வாய்ப்பு ரொம்பக் குறைவு. உங்களுக்கு அதைவிடவும் குறைவு. பொய் சொல்ல விரும்பல."

உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்குக் குழந்தை ஆசை இருந்ததென்று யாருக்கும் தெரியாது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. சித்திகூட உன்னைப் பற்றித்தான் கேட்பாள். அப்பாவுக்கு மருந்து எடுத்துவைக்கிறவளிடம் யார் கேட்பார்கள்? உன்னைக் கேட்டுக் கேட்டு நச்சரித்தபோது நான் யாருக்காகக் கேட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

திரும்பும் வழியில் கோடாமாவிடம் சொன்னேன். கடற்கரையோரம் வண்டியை நிறுத்தினார். மணலைக் காற்று வாரிக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

"நாம ரெண்டு பேரே போதும்னு சொல்லுவேன்னு நினைக்கறியா?" என்றார்.

"சொல்லுங்களேன்."

"போதாது. எனக்கும் ஆசைதான்." என் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாங்களா, குறைவுன்னு சொன்னாங்களா?"

"குறைவுன்னுதான்."

"அப்ப மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?"

மறுபடி வருவதைப் பற்றி நான் கேட்காமலே எழுந்து வந்திருந்தேன். அவர் அங்கேயே வண்டியைத் திருப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவை மூடும் நேரம். வரவேற்பில் இருந்த பெண் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். கோடாமா வாசலிலேயே நின்றுகொண்டார். நான்தான் உள்ளே போய்க் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா,
கசுமி